ஒரு கப் பிளம்ஸ் எத்தனை கிராம்?

இந்தக் கேள்வியை இணையத்தில் போட்டுப் பாருங்கள். 145 கிராம் என்று ஒரு பதில் வரும். 165 என்று இன்னொன்று வரும். 150, 155 என்றும் சொல்வார்கள். இவற்றில் எதுவும் பிழையில்லை. புதிதாகக் கேக் அடிக்கத் தொடங்குகிறவர்களைக் குழப்புவதும் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். பெரியகடையிலோ திருநெல்வேலிச் சந்தையடியிலோ பிளம்ஸை யாரும் கப்பால் அளந்து தருவதில்லை. நூறு கிராம், கால் கிலோ என்று நிறுத்துப் பையில் போட்டுத் தருவார்கள். சமையல் குறிப்போ பல நாடுகளிலிருந்து வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் இரண்டு கப் என்று எழுதி அனுப்புவாள். லண்டன் சின்னம்மாவின் குறிப்பில் அவுன்ஸ் இருக்கும். பாரிஸிலும் சூரிச்சிலும் இருப்பவர்கள் கிராமில் எழுதுவார்கள். அலுமாரிக்குள் இருக்கும் அம்மம்மாவின் கொப்பியில் இறாத்தல். நான்கு கணக்கும் ஒரே றிச் கேக்குக்குத்தான்.

பிளம்ஸ் என்று இங்கே நான் எழுதுவது, நம்மவர் புக்கையிலும் பாயாசத்திலும் போடுகிற உலர்ந்த முந்திரிகையை, அதாவது உலர்திராட்சையை. பேரீச்சம்பழம், அத்திப்பழம், அப்ரிகொட், புறூன் ஆகியவையும் இந்தக் கணக்குக்குள் வரும்.

ஒரே பேணி, வேறு வேறு நிறை

நான்கு சுண்டு ஒரு கொத்து என்பது நம் வீடுகளில் அரிசி அளந்த பழைய கணக்கு. சுண்டு இல்லாத வீட்டில் வெறும் பால்பேணி அந்த வேலையைச் செய்யும். 397 கிராம் என்று அச்சடித்த ரின்பால் பேணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பால் இருந்தபோது உள்ளே இருந்தது 397 கிராம். அதே பேணியைக் கழுவித் தண்ணீரால் நிரப்பினால் உள்ளே ஏறக்குறைய 300 கிராம்தான் இருக்கும். பச்சையரிசியைத் தலைதட்டிப் போட்டால் 240 கிராம் அளவில் நிற்கும். பிளம்ஸ் போட்டால் 180 ஐ ஒட்டி வரும். பொரியைப் போட்டால் தராசு முள் அசையவே யோசிக்கும். பேணி என்னவோ அதே பேணிதான்.

பேணி அளப்பது கனவளவு. அதாவது, ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது. தராசு அளப்பது நிறை. இரண்டுக்கும் நடுவில் பாலமாக ஓர் எண் வேண்டும்: ஒரு மில்லிலீற்றர் இடத்துக்குள் அந்தப் பொருள் எத்தனை கிராம் இருக்கிறது? தண்ணீருக்கு இந்த எண் 1. அதனால்தான் தண்ணீரில் கிராமும் மில்லிலீற்றரும் சண்டையில்லாமல் ஒன்றாகப் போகின்றன. வேறு பொருளுக்கு வந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. ஆகவே, “ஒரு கப் எத்தனை கிராம்?” என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எதனுடைய ஒரு கப் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கப்புக்குள் பாதி காற்று

அரிசி, சீனி, மா எல்லாவற்றுக்கும் ஆளுக்கோர் எண் இருக்கிறது. அதுபோலப் பிளம்ஸுக்கும் ஓர் எண் இருந்தால் போதாதா? போதாது. அதற்கான காரணத்தைப் பார்க்க ஒரு கிளாஸ் தண்ணீர் போதும்.

ஒரு பிளம்ஸை அந்தத் தண்ணீரில் போடுங்கள். அது தாழ்ந்து அடிக்குப் போய்விடும். தண்ணீரில் தாழ்கிற பொருள் தண்ணீரை விட அடர்த்தி கூடியது. அப்படியானால் ஒரு கப் பிளம்ஸ் ஒரு கப் தண்ணீரை விடப் பாரமாக இருக்க வேண்டுமல்லவா? நிறுத்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. 250 மில்லிலீற்றர் கப்பில் தண்ணீர் 250 கிராம். பிளம்ஸ் ஏறக்குறைய 150 கிராம்தான். பழம் தண்ணீரை விடப் பாரம், ஆனால் பழம் நிறைந்த கப் தண்ணீர் நிறைந்த கப்பை விட இலேசு. இந்த முரணுக்கு ஒரே விளக்கம்தான் உண்டு. கப்பில் நாம் அளந்தது பழத்தை மட்டுமல்ல, பழங்களுக்கு இடையில் இருந்த காற்றையும்தான்.

அந்தக் காற்று எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். கப்பைப் பிளம்ஸால் தலைதட்டி நிரப்பித் தராசில் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். கப் நிறையப் பழம் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் அரைக் கப் அளவு தண்ணீர் இறங்கிவிடும். விரைவாக ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் பழம் தண்ணீரைக் குடித்துக் கணக்கைக் குழப்பிவிடும். அந்தப் பழத்தை எறியாதீர்கள். அன்றைய பாயாசத்துக்கு ஆகும்.

வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கருங்கல்லும் மணலும் கியூப் கணக்கில்தான் வந்து இறங்கும். நூறு கன அடி இடத்தில் கல் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பது கல்லின் பருமனையும் அது லொறிக்குள் விழுந்த விதத்தையும் பொறுத்தது. கல்லோடு மணலைக் கலந்தால் மணல் போய் அந்த இடைவெளிகளை நிரப்பும். பழத்தைச் சிறிதாக நறுக்கும்போதும், கைவிரலால் அமுக்கும்போதும் கப்புக்குள் நடப்பது இதுதான். காற்று வெளியே போகிறது, பழம் உள்ளே வருகிறது, கப் அப்படியே இருக்கிறது.

145 உம் 165 உம் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுத் தரவுகளில் ஒரு கப் பிளம்ஸுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. அமுக்காமல் நிரப்பினால் 145 கிராம், அமுக்கி நிரப்பினால் 165 கிராம். பழம் ஒன்று, கப் ஒன்று, வேறுபாடு 20 கிராம். நாலு கப் பழம் போடுகிற றிச் கேக்கில் அது 80 கிராம் ஆகிவிடும்.

எந்தக் கப்?

அந்த 145 கிராமும் எந்தக் கப்புக்கு என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப் என்றால் 250 மில்லிலீற்றர். கனடாவிலும் மெட்றிக் கப் 250 தான், ஆனால் பக்கத்து நாட்டின் சமையல் புத்தகங்களும் அளவைக் கப்புகளும் அங்கே தாராளமாகப் புழங்குவதால், ரொறன்ரோ மச்சாளின் கப் எது என்பதை அவளிடமே கேட்டுவிடுவது நல்லது. கப்பின் அடியிலோ பிடியிலோ பெரும்பாலும் அச்சடித்திருக்கும்.

நம் வீடுகளில் இன்னொரு கப் இருக்கிறது. றைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்ரிக் கப். பலர் அதையே அளவைக் கப் என்று நம்பி எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அது வழக்கமாக 180 மில்லிலீற்றர். அதில் ஒரு கப் பிளம்ஸ் 110 கிராம்தான் வரும். இரண்டு கப் என்று எழுதிய குறிப்புக்கு அந்தக் கப்பால் இரண்டு போட்டால், கேட்ட பழத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். தேநீர் குடிக்கிற கப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பருமன்.

மேசைக்கரண்டியிலும் இப்படி ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவில் 20. பதினைந்து மில்லிலீற்றர் கரண்டியில் பிளம்ஸ் 9 கிராம் அளவுக்கு வரும். மெல்பேர்ண் கரண்டியில் 12 கிராம்.

உங்கள் கப் எத்தனை மில்லிலீற்றர் என்று தெரியாவிட்டால், விளிம்புவரை தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். வெறும் கப்பின் நிறையைக் கழித்தால் மிஞ்சும் கிராம் எவ்வளவோ, கப் அவ்வளவு மில்லிலீற்றர். அந்த எண்ணைக் கப்பின் அடியில் அழியாத மையால் எழுதி வைத்துவிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

கீழே உள்ளவை அந்த அமெரிக்கத் தரவுகளிலிருந்து 250 மில்லிலீற்றர் கப்புக்கு நான் மாற்றிய எண்கள். எல்லாம் தலைதட்டி, அமுக்காமல் நிரப்பிய கணக்கு.

பிளம்ஸ்: 153 கிராம். அமுக்கினால் 174.
நறுக்கிய பேரீச்சம்பழம்: 155 கிராம்.
உலர்ந்த அத்திப்பழம்: 157 கிராம்.
பாதியாக வெட்டி உலர்த்திய அப்ரிகொட்: 137 கிராம்.
கொட்டை நீக்கிய புறூன்: 184 கிராம்.

வேறு பருமனுள்ள கப் என்றால் ஒரு மில்லிலீற்றருக்கான எண்ணால் பெருக்கிக்கொள்ளலாம். பிளம்ஸுக்கு 0.61, நறுக்கிய பேரீச்சம்பழத்துக்கு 0.62, அத்திக்கு 0.63, அப்ரிகொட்டுக்கு 0.55, புறூனுக்கு 0.73. கப்பின் மில்லிலீற்றரை இதனால் பெருக்கினால் கிராம் வரும். கிராமை இதனால் வகுத்தால் மில்லிலீற்றர் வரும். இந்தத் தலைப்பில் உள்ள கணிதம் அவ்வளவுதான்.

அப்ரிகொட் ஏன் இவ்வளவு குறைவு, புறூன் ஏன் இவ்வளவு கூட? அப்ரிகொட் துண்டு தட்டையாகவும் விளிம்பு சுருண்டும் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று படியாமல் முண்டிக்கொண்டு நிற்பதால் நிறைய இடம் வீணாகிறது. புறூன் மென்மையானது, ஈரப்பிடிப்புக் கூடியது. தன் பாரத்தாலேயே நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பிளம்ஸில் தண்ணீர் 15 சதவீதம் அளவில்தான் இருக்கிறது, புறூனிலோ 30 சதவீதத்துக்குக் கிட்ட. பழம் எவ்வளவு காய்ந்தது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்கிற இரண்டும் சேர்ந்துதான் கப்பின் நிறையைத் தீர்மானிக்கின்றன.

எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிளம்ஸும் பேரீச்சம்பழமும் அத்தியும் 250 மில்லிலீற்றர் கப்புக்கு 150 கிராமைத் தாண்டிக் கொஞ்சம் என்று மனத்தில் வைத்தால் வீட்டுச் சமையல் ஓடிவிடும். ஒரு கிலோ பிளம்ஸ் ஆறரைக் கப்.

இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். அம்மம்மாவின் கொப்பியில் “பிளம்ஸ் 1 இறாத்தல், பேரீச்சம்பழம் அரை இறாத்தல்” என்று இருக்கிறது. ஒரு இறாத்தல் 454 கிராம். அதை 153 ஆல் வகுத்தால் மூன்று கப்புக்கு மயிரிழை குறைவு. அரை இறாத்தல் 227 கிராம். நறுக்கிய பேரீச்சம்பழமாக ஒன்றரைக் கப்புக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இறாத்தலுக்கு மூன்று கப் என்று நினைவில் வைத்தால் பழைய கொப்பிகள் எல்லாம் திறந்துகொள்ளும். அம்மம்மாவின் கொப்பி எழுதப்பட்ட காலத்தில் ஒரு இறாத்தல் பாண் என்றுதான் கடையில் கேட்டார்கள். இன்றும் பாணுக்கு அந்தப் பேச்சு போகவில்லை.

மற்றக் கணக்கு ரொறன்ரோவிலிருந்து. இரண்டு கப் பிளம்ஸ், ஒரு கப் நறுக்கிய பேரீச்சம்பழம், அரைக் கப் அப்ரிகொட். 250 மில்லிலீற்றர் கப் என்றால் முறையே 306, 155, 68 கிராம். மொத்தம் 530 கிராமுக்குக் கிட்ட. அமெரிக்கக் கப் என்றால் 290, 147, 65, மொத்தம் 502. இரண்டு மொத்தத்துக்கும் 28 கிராம்தான் வித்தியாசம். அதை நினைத்து யாரும் நித்திரை கெடத் தேவையில்லை. கடையில் 300 கிராம் பிளம்ஸும் 150 கிராம் பேரீச்சம்பழமும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கலாம்.

அவுன்ஸ் என்கிற பொறி

லண்டன் குறிப்புகளில் வருகிற அவுன்ஸ் தனிக் கதை. அவுன்ஸ் என்ற பெயரில் இரண்டு அளவுகள் உலவுகின்றன. ஒன்று நிறை, 28 கிராமுக்குச் சற்றுக் கூட. மற்றது திரவ அவுன்ஸ், அது கனவளவு. அமெரிக்கக் கப் ஒன்றுக்கு எட்டுத் திரவ அவுன்ஸ். இதைத் தெரிந்துகொண்டவர்கள், குறிப்பில் “8 அவுன்ஸ் பிளம்ஸ்” என்று கண்டதும் ஒரு கப் என்று எடுத்துவிடுவார்கள். அது பெரும் பிழை. உலர்ந்த பழத்துக்கு அவுன்ஸ் என்றால் நிறை. 8 அவுன்ஸ் 227 கிராம், அதாவது ஒன்றரைக் கப். ஒரு கப் மட்டும் போட்டால் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போய்விடும்.

திரவ அவுன்ஸை எண்ணெய், பால், பிறண்டி, பன்னீர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நறுக்கியதற்கு முன்னா, பின்னா

பேரீச்சம்பழத்தில் கப் கணக்கு மிகவும் மோசமாகத் தடுமாறும். முழுப் பழமாகக் கப்பில் அடுக்கினால் நீளவாட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதே பழத்தைக் கொட்டை எடுத்து நறுக்கினால் கப்பில் இன்னும் இடம் கிடைக்கும். குறிப்பில் “ஒரு கப் நறுக்கிய பேரீச்சம்பழம்” என்று இருந்தால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். “பேரீச்சம்பழம் ஒரு கப், நறுக்கிக்கொள்ளவும்” என்று இருந்தால் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். எழுதியவர் இதையெல்லாம் யோசித்து எழுதியிருப்பாரா என்பது வேறு விடயம். கிராமில் எழுதியிருந்தால் இந்தச் சந்தேகமே வராது. நறுக்கினாலும் நசுக்கினாலும் நூறு கிராம் நூறு கிராம்தான்.

கொட்டை மட்டும் விதிவிலக்கு. கொட்டையோடு வாங்கிய பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொட்டைக்குப் போய்விடும். இனத்துக்கு இனம் இது மாறும். குறிப்பு 200 கிராம் கேட்டால் 220, 225 கிராம் வாங்குங்கள்.

பெரிய பழங்களைக் கப்பில் அளப்பதே வீண் வேலை என்பது என் கருத்து. பழம் பெரிதாகவும் கப் சிறிதாகவும் இருக்கும்போது சுவரோரத்தில் இடைவெளி கூடுகிறது. ஒரு பழம் குறுக்கே விழுந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அவற்றை எண்ணிவிடலாம். கொட்டை நீக்கிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்று 24 கிராம் அளவில் இருக்கும். டெக்லெட் நூர் என்கிற சிறிய வகை 7 கிராம். புறூன் 9 கிராமைச் சற்றுத் தாண்டும், அத்தி 8 ஐச் சற்றுத் தாண்டும். 200 கிராம் மெட்ஜூல் வேண்டுமா, எட்டுப் பழம். நோன்புக் காலத்தில் கடைகளில் வகை வகையாகப் பேரீச்சம்பழம் வந்து குவியும்போது வாங்குகிறவர்கள், பெட்டியில் எழுதியிருக்கும் நிறையை உள்ளே இருக்கும் பழங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தங்கள் வகைக்குரிய எண்ணை எடுத்துவிடலாம்.

நம் ஊரின் சொந்த உலர்பழமான பனாட்டைக் கப்பில் அளக்க நினைப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பனம்பழக் களியைப் பாயில் பரப்பி, வெயிலில் காயவிட்டு, அதன்மேல் மீண்டும் பூசிக் காயவிட்டுத் தட்டையாக எடுப்பது அது. துண்டாக வெட்டி நிறுப்பது ஒன்றே வழி. பாணிப்பனாட்டு என்றால் தராசு காட்டுவது பனாட்டை மட்டுமல்ல, ஊறிய பாணியையும் சேர்த்துத்தான்.

உங்கள் கப்புக்கு உங்கள் எண்

மேலே கொடுத்த எண்களை விட நம்பகமானது உங்கள் கையாலேயே எடுக்கும் எண். ஒரு கிராம்வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு இருந்தால் ஐந்து நிமிட வேலை. வெறும் கப்பைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். பழம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் விரலால் உதிர்த்துவிடுங்கள். கரண்டியால் அள்ளிக் கப்பில் தளர்வாக விழவிடுங்கள். கப்பைத் தட்டாதீர்கள், குலுக்காதீர்கள். நிரம்பி வழிந்ததும் கத்தியின் முதுகால் தலைதட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புங்கள். முதல் தடவை வந்த எண் அப்படியே வராது. ஐந்து பத்துக் கிராம் ஏறி இறங்கும். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால் போதும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்காகவாவது ஒருமுறை செய்ய வேண்டும். கப் கணக்கில் எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம் என்பது அப்போது தானாக விளங்கிவிடும்.

தராசு இல்லாவிட்டால் கடைக்காரரின் தராசைப் பயன்படுத்துங்கள். அவர் ஏற்கெனவே நிறுத்துத்தானே தந்திருக்கிறார். கால் கிலோ பிளம்ஸ் வாங்கிவந்து, அது உங்கள் கப்பில் எத்தனை கப்பும் எத்தனை மேசைக்கரண்டியும் வருகிறது என்று அளந்து பாருங்கள். 250 மில்லிலீற்றர் கப் என்றால் ஒரு கப்பும் பத்து, பதினொரு மேசைக்கரண்டியும் வரும். அடுத்த முறை குறிப்பு 125 கிராம் கேட்டால் அதில் பாதி. பொங்கலுக்கு ஐம்பது கிராம் பிளம்ஸ் என்று யாராவது சொன்னால் ஐந்தரை மேசைக்கரண்டி. புக்கைப் பானைக்கு முன்னால் நின்று தராசு தேடத் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய பழத்தையும் சித்திரை வெயிலில் வாங்கிய பழத்தையும் ஒரே எண்ணுக்குள் அடக்க முயலாதீர்கள். ஈரக்காற்றில் திறந்து வைத்த பிளம்ஸ் ஒட்டிக் கட்டியாகும். கட்டியை அப்படியே கப்பில் போட்டால் பெரிய இடைவெளி விழும். அமுக்கினால் பழம் அளவுக்கு மீறிச் சேரும். ஒட்டுகிற பழத்தை உதிர்த்துவிட்டு அளப்பது, அல்லது நிறுப்பது.

நம் ஊர் முந்திரிகையிலிருந்து

குடாநாட்டில் இஸ்ரேல் புளூ முந்திரிகை பந்தல்களில் தொங்குவதைப் பார்த்தவர்கள், இதை நாமே உலர்த்தினால் என்ன என்று கேட்பதுண்டு. எவ்வளவு பழத்துக்கு எவ்வளவு வற்றல் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சை முந்திரிகையில் 80 சதவீதம் அளவு தண்ணீர். மிச்சம் 20 சதவீதம்தான் சீனியும் மற்றவையும். ஒரு கிலோ பிளம்ஸில் தண்ணீர் 15 சதவீதம் போக 850 கிராம் திடப்பொருள் இருக்க வேண்டும். அந்த 850 கிராமை எடுக்க நாலேகால் கிலோ பழம் வேண்டும். காம்பும் நசுங்கலும் கழிவதைச் சேர்த்தால் இன்னும் கூட. முந்திரிகை விற்கிற விலையை நாலேகாலால் பெருக்கிப் பார்த்தவர்கள் பழத்தைப் பழமாகவே விற்றுவிடுவார்கள்.

எங்கே பார்க்க வேண்டும், எங்கே விடலாம்

றிச் கேக்கில் பழம் பத்துச் சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கேக் கோபிக்காது. ரவையும் பட்டரும் முட்டையும் சரியாக இருந்தால் போதும். பாயாசம், புக்கை, வட்டிலப்பம் எதிலும் இதே கதைதான். இப்படியான இடங்களில் கப்பால் அளப்பது வேகமானது, பாத்திரமும் குறைவு. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு பழத்தையும் தராசில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும்.

வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர்களுக்கு இது பொருந்தாது. ஒரு கேக்குக்கு 80 கிராம் கூடிப் போனால், நத்தார்க் காலத்தில் முப்பது கேக் அடிக்கிறவருக்கு இரண்டு கிலோ நானூறு கிராம் பழத்தின் காசு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவர்கள் நிறுத்துத்தான் போட வேண்டும். அளவைப் பெருக்கும்போதும் நிறை கைகொடுக்கும். இரண்டேகால் கப்பை மூன்றரை மடங்காக்குவதை விட 345 கிராமை மூன்றரை மடங்காக்குவது சுலபம்.

நீரிழிவு உள்ளவர்களின் சாப்பாட்டுக் கணக்கிலும் அப்படித்தான். பிளம்ஸில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காபோவைதரேற்று. தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டிக்குள் 15 கிராமுக்குக் கிட்ட அது இருக்கிறது. குவித்து அள்ளிய இரண்டு கரண்டி என்றால் அது எங்கேயோ போய்விடும். அவுஸ்திரேலியக் கரண்டியால் அள்ளினால் தலைதட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இங்கே கரண்டியை நம்பாமல் 18 கிராம் என்று நிறுத்து, சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது நல்லது. அடுத்தடுத்த நாட்களில் அந்தக் கிண்ணத்தில் அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண் பழகிவிடும்.

கடைசியாக ஊறவைப்பது. பிளம்ஸையும் மற்றப் பழங்களையும் பிறண்டியில் நாட்கணக்கில் ஊறவைப்பது நம் வழக்கம். ஊறிய பழம் உப்பும், பாரமாகும், கப்பில் வழுக்கிக்கொண்டு நெருக்கமாகப் படியும். அதனால் ஊறிய பழத்துக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் செல்லாது. குறிப்பில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, அளவு என்பது உலர்ந்த பழத்தின் அளவுதான். போத்தலில் போடுவதற்கு முன்பே நிறுத்து, எத்தனை கிராம் பழம், எத்தனை மில்லிலீற்றர் பிறண்டி என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். கேக் அடிக்கிற அன்று பாதிப் போத்தல்தான் தேவை என்றால், நன்றாகக் கலக்கி, உள்ளே இருப்பதை அப்படியே நிறுத்துப் பாதியை எடுத்தால், பழமும் பிறண்டியும் தத்தம் பாதியில் வந்து சேரும்.